கறுப்பு வெளுத்தால் சிவப்பாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இன்று கைபேசி இல்லாத கை இல்லை. படம் எடுக்காத நாள் இல்லை. ஆயினும், கைபேசிக்குள் கிடக்கும் ஆயிரம் படங்களுக்கு இல்லாத மதிப்பு, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு படத்திற்கு உண்டு. அந்தப் படத்தில் இருப்பவர் இன்று நம்மோடு இல்லை என்றால் அதன் மதிப்பை அளந்து சொல்ல முடியாது. அப்படிப்பட்ட படம் ஒன்று எங்கள் வீட்டில் கெட்டுப்போனது. அது ஏன் கெட்டது என்று தேடிச் சென்றபோது நான் அறிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

என் அப்பத்தா 2019ஆம் ஆண்டு காலமானார். அவரைத் தனியாக எடுத்த படம் எங்களிடம் இல்லை. 1976இல் உறவினர் வீட்டுத் திருமணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் ஓரமாக நிற்கிறார். உள்ளங்கை அளவே உள்ள அந்தப் படத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் கொடுத்து, முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பளபளப்பான தாளில் அச்சிட்டு வாங்கினோம். கண்ணாடி போட்டால் செலவு கூடும் என்று அட்டையில் ஒட்டி, சட்டம் மட்டும் அடித்து, வாசலைப் பார்த்த சுவரில் மாட்டினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் ஆண்டில் அப்பத்தாவின் முகம் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது.

என் தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் நிறங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. அவர் ஒரு நாள் படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏத்தா, காலேசுல படிக்கிறியே, இதச் சொல்லு. கறுப்பு வெளுத்தாச் சாம்பலாகும். சாம்பல் வெளுத்தா வெள்ளையாகும். இது எப்படிச் செவப்பாச்சு?"

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் என்னிடம் கேட்ட முதல் விஞ்ஞானக் கேள்விக்கே நான் விழித்தேன்.

பழைய படம் ஏன் கெடவில்லை?

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து மூலப்படத்தைப் பார்த்தேன். ஓரங்கள் தேய்ந்து, ஒரு மூலை மடிந்திருந்தது. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஐம்பது வயதுப் படம் நிற்கிறது, மூன்று வயதுப் படம் போய்விட்டது என்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

பழைய படத்தாளின்மேல் ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்புகள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்ட இடங்களில் உள்ள உப்பு, டெவலப்பர் கரைசலில் ஒடுக்கமடைந்து உலோக வெள்ளியாக மாறும். எஞ்சிய உப்பை ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கரைத்து நீக்கிவிடும். ஆகவே அந்தப் படத்தில் நமக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் நுண்ணிய வெள்ளித் துகள்கள். துகள் அடர்ந்த இடம் கறுப்பு. குறைந்த இடம் சாம்பல். இல்லாத இடம் வெள்ளை. ஹைப்போவைச் சரியாகக் கழுவாவிட்டால் நாளடைவில் வெள்ளி சல்பைடு உண்டாகிப் படம் பழுப்பேறும் என்பது உண்மை. ஆயினும் படம் முழுவதும் ஒரே பொருளால் ஆனது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைகிறது.

மை பீச்சும் பொறி

இன்று சிற்றூர்க் கடைகளில் படம் அச்சிடப் பெரும்பாலும் பயன்படுவது இங்க்ஜெட் அச்சுப்பொறி. கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக மைத்துளிகளைத் தாளின்மேல் பீச்சுவதே அதன் வேலை. படம் அச்சிடும் பொறிகளில் ஒரு துளியின் கொள்ளளவு ஏறத்தாழ 1.5 முதல் 4 பிக்கோ லிட்டர். ஒரு பிக்கோ லிட்டர் என்பது ஒரு லிட்டரை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு.

துளியை வெளியே தள்ள இரு முறைகள் உள்ளன. ஒன்றில் மை நொடிப்பொழுதில் சூடாகி, அதில் உண்டாகும் ஆவிக் குமிழி துளியைத் தள்ளும். கேனான், எச்.பி. நிறுவனங்கள் இம்முறையை வளர்த்தன. மற்றொன்றில், மின்னழுத்தம் கொடுத்தால் உருவம் மாறும் பீசோ படிகம் மையை அழுத்தித் தள்ளும். எப்சன் நிறுவனத்தின் வழி இது. எந்த முறையானாலும், வெளியே வருவது என்ன மை, அது விழுவது எந்தத் தாள் என்பவையே படத்தின் ஆயுளை முடிவு செய்கின்றன.

மூன்று நிறம் சேர்ந்த சாம்பல்

"கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு மை ஒன்றுதானே செலவாகும்?" என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. சாதாரணப் பொறி நான்கு மைகளைக் கொண்டது: சயான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள், கறுப்பு. பளபளப்பான தாளில் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் பொறி பெரும்பாலும் முதல் மூன்றையும் தக்க அளவில் சேர்த்தே அதை உண்டாக்குகிறது. மூன்றும் சமநிலையில் இருக்கும்வரை நம் கண்ணுக்கு அது சாம்பலாகத் தெரியும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. வீட்டு உபயோகத்திற்கான பல பொறிகளில், எழுத்துகள் கூர்மையாக விழுவதற்காகக் கறுப்பு மை மட்டும் வேறு வகையாக இருக்கும். அது பளபளப்பான தாளில் சரியாக ஒட்டாது. ஆகையால் பளபளப்புத் தாள் என்று கணினியில் தேர்ந்தெடுத்தவுடன் பொறி கறுப்பு மையைத் தொடுவதே இல்லை. கருங்கூந்தலும் கண்மணியும்கூட மூன்று வண்ணங்களின் கலவையாகவே விழுகின்றன.

இதை நேரில் பார்க்க விரும்பினேன். தாவரவியல் பயிலும் தோழியிடம் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சை இரவல் வாங்கி, கெட்டுப்போன படத்தின் மங்கலான பகுதிகளைப் பார்த்தேன். சாம்பல் நிறம் எங்கும் இல்லை. மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. சயான் புள்ளிகள் மட்டும் வெளிறிப்போயிருந்தன. என் தந்தையாரின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. மூவரில் ஒருவர் விலகிவிட்டார். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் வருவது சிவப்பு அல்லவா?

சயான் ஏன் முதலில் போகிறது?

படம் கெடுவதற்கு வெயிலே காரணம் என்று பொதுவாக எண்ணுகிறோம். வெயிலும் ஒரு காரணம்தான். ஆனால் காற்றில் சிறிதளவு கலந்துள்ள ஓசோன் வாயு, மூடப்படாத படத்திற்கு வெயிலைவிடக் கொடிய பகைவனாகலாம். ஓசோன் இரட்டைப் பிணைப்புகளை வெட்டும் என்று கரிம வேதியியலில் படிக்கிறோம். சாயங்களின் நிறத்திற்குக் காரணமே ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொடரும் இரட்டைப் பிணைப்புகள்தாம். இங்க்ஜெட் மையில் உள்ள சயான் சாயம் பெரும்பாலும் தாமிர தாலோசயனின் வகையைச் சேர்ந்தது. ஓசோன் அதை எளிதில் தாக்குகிறது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனம் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்னும் பொறிகளை வெளியிட்டது. அவற்றில் அச்சிட்ட படங்கள், குறிப்பிட்ட ஒரு பளபளப்புத் தாளில் மட்டும், சிலர் வீடுகளில் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாக மாறின. அதே மை வேறு தாளில் அப்படி மாறவில்லை. கண்ணாடிக்குள் வைத்த படங்களும் தப்பின. அந்தத் தாளின் மேற்பூச்சு நுண்துளைகள் நிறைந்தது. துளைகள் மையை உடனே உறிஞ்சின. அதே துளைகள் வழியே காற்றும் புகுந்து சயானைத் தின்றுவிட்டது. மை மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, தாள் மட்டும் நல்லதாக இருந்தாலும் போதாது, இரண்டும் பொருந்த வேண்டும் என்ற பாடத்தை உலகம் அப்போது கற்றது.

எங்கள் வீட்டுப் படமும் கண்ணாடி இல்லாமல் இருந்தது. சில ரூபாய்களை மிச்சம் பிடித்து முகத்தை இழந்தோம்.

சாயமும் நிறமியும்

இங்க்ஜெட் மைகள் இரு வகைப்படும். சாய மை என்பது நீரில் கரைந்த சாயம். உப்புக் கரைசல்போல அதில் மூலக்கூறுகள் தனித்தனியே பிரிந்து கிடக்கும். நிறமி மை என்பது கரையாத நிறத்துகள்கள் நீரில் மிதப்பது. துகள் ஒன்றின் அளவு ஏறத்தாழ நூறு நானோமீட்டர். அதில் எண்ணற்ற மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும்.

இதை என் தந்தையாரிடம் விளக்குவது எளிதாக இருந்தது. திருவிழாவில் துணிமேல் ஊற்றும் மஞ்சள் நீர் சாயம் போன்றது. சுவரில் அடிக்கும் டிஸ்டம்பர் நிறமி போன்றது. சாயத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் காற்றுக்கும் ஒளிக்கும் நேரே முகம் காட்டி நிற்கிறது. நிறமியில் மேற்பரப்பில் உள்ளவை பாதிக்கப்பட்டாலும் உள்ளே இருப்பவை பாதுகாப்பாக இருக்கின்றன. எனவே நிறமி மையின் ஆயுள் நீண்டது.

நிறமிகளில் கறுப்புக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. கறுப்பு நிறமி என்பது கார்பன், அதாவது கரி. எண்ணெயோ வாயுவோ குறைந்த காற்றில் எரியும்போது படியும் புகைக்கரியின் குடும்பம். ஒளியும் ஓசோனும் அதை எளிதில் அசைக்க முடியாது. நம் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறி, எழுத்து தெரிவதற்காக விளக்குக் கரியைத் தடவினார்கள். ஓலை செல்லரித்துப் போகும். எழுத்தில் படிந்த கரி வெளுப்பதில்லை. பழைய படத்தில் வெள்ளி ஒன்றே நின்றதுபோல, அச்சுப்படத்தில் கரி ஒன்றே நிற்குமானால் நம் கவலை தீர்ந்தது.

கறுப்பிலேயே பல கறுப்பு

அப்படியானால் கறுப்பு மை ஒன்றை மட்டும் கொண்டு படம் முழுவதையும் அச்சிட்டால் என்ன? அச்சிடலாம். ஆனால் வெளிறிய சாம்பலுக்கு வெள்ளைத் தாளில் கறுப்புத் துளிகளை எட்ட எட்டத் தூவ வேண்டியிருக்கும். கன்னமும் நெற்றியும் மணல் தெளித்ததுபோல் சொரசொரப்பாகத் தெரியும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, நமது ஆய்வகத்தில் தினமும் நாம் செய்வதுதான்: நீர்த்தல். ஒரே கரிமையை வெவ்வேறு அளவில் நீர்க்கச் செய்து தனித்தனிக் குப்பிகளில் வைத்தால், வெளிறிய இடத்திற்கு வெளிறிய மையையே நெருக்கமாகத் தெளிக்கலாம். புள்ளி தெரியாது, நிறமும் மாறாது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் கோன் என்னும் அச்சுக்கலைஞர், வண்ண மைகளுக்குப் பதிலாகப் பல படிநிலைக் கறுப்பு மைகளையே பொறியில் நிரப்பும் பீசோகிராஃபி முறையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். எப்சன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட 2200 பொறியில் கறுப்போடு இளங்கறுப்பு ஒன்றும் இருந்தது. 2005இல் வந்த ஆர்2400 பொறியில் கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என மூன்று படிநிலைகள் ஏற்பட்டன. எச்.பி. நிறுவனம் 2003இல் சாம்பல் மைகள் மட்டுமே கொண்ட கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தந்தது. கேனான் 2011இல் அறிவித்த புரோ-1 பொறியின் பன்னிரண்டு குப்பிகளில் ஐந்து, கறுப்பும் சாம்பலும் ஆகும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். தூய கரிமை தாளில் விழும்போது சற்றே பழுப்புச் சாயலோடு தெரியும். அதைச் சரிசெய்யச் சிறிதளவு நீல நிறமியைச் சேர்ப்பது வழக்கம். பொறியின் கறுப்பு வெள்ளை முறையில் இந்தச் சாயலைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். சேர்க்கும் வண்ணம் மிகக் குறைவு என்பதால், நாளை அது சற்று வெளுத்தாலும் முகம் சிவக்காது.

நம் ஊர்க் கடைகளில் உள்ள குப்பி மைப் பொறிகள் பெரும்பாலும் சாய மையில் இயங்குபவை. அவற்றிலும் வேறுபாடு உண்டு. எடுத்துக்காட்டாக, எப்சன் எல்8050 பொறியில் ஆறு மைகள் உண்டு, சாம்பல் கிடையாது. எல்8160, எல்8180 பொறிகளின் ஆறு மைகளில் சாம்பலும் ஒன்று. சாயமே ஆனாலும், கறுப்பு வெள்ளைப் படத்திற்குச் சாம்பல் மை உள்ள பொறியே மேலானது; மூன்று வண்ணங்களின் சமநிலையை நம்பும் தேவை அங்கே குறைகிறது.

சுவரை வைத்துத்தான் சித்திரம்

இனித் தாளுக்கு வருவோம். கடையில் 'க்ளாஸி பேப்பர்' என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். பளபளப்பு எல்லாவற்றிலும் இருக்கும். உள்ளே இருப்பது வேறு வேறு. சுவருக்கு வர்ணம் அடிக்குமுன் பட்டி பார்ப்பதுபோல, எல்லாத் தாளிலும் மையை ஏற்க ஒரு மேற்பூச்சு உண்டு. அந்தப் பூச்சிலும் அதன் அடியிலும்தான் வேறுபாடு.

முதல் வகை காஸ்ட் கோட்டட் தாள். சாதாரணக் காகிதத்தின்மேல் பூச்சைப் பூசி, ஈரம் காயுமுன் பளபளப்பான சூடான உலோக உருளையில் அழுத்தி எடுப்பார்கள். கண்ணாடிபோல் மின்னும், விலையும் மலிவு. 130 முதல் 230 ஜி.எஸ்.எம். வரை பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அடியில் இருப்பது வெறும் காகிதம் ஆதலால் ஈரத்தில் நெளியும், சுருளும். இது சாய மைக்கு ஏற்றது. நிறமி மையை இதில் அச்சிட்டால் மேலேயே நின்று, விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் படம் இந்தத் தாளில்தான் அச்சிடப்பட்டிருந்தது.

இரண்டாவது ஆர்.சி. தாள். காகிதத்தின் இருபுறமும் பாலிஎத்திலீன் படலம் ஒட்டி, அதன்மேல் சிலிக்கா அல்லது அலுமினாவின் நுண்துளைப் பூச்சு இருக்கும். பெரும்பாலும் 240 முதல் 300 ஜி.எஸ்.எம்.; கையில் எடுத்தால் ஸ்டூடியோப் படம்போல் கனமாக இருக்கும். சாயம், நிறமி இரண்டையும் ஏற்கும். நெளியாது. ஆனால் சாய மையை இதில் அச்சிட்டால் துளைகள் வழியே ஓசோன் நுழையும் என்பதால் கண்ணாடி அல்லது லேமினேஷன் கட்டாயம்.

மூன்றாவது பாரிட்டா தாள். பருத்தி நார் அல்லது தூய மரநாரால் ஆன கனத்த தாளின்மேல் பேரியம் சல்பேட் பூசப்பட்டிருக்கும். உப்புப் பகுப்பாய்வில் பேரியம் குளோரைடு சேர்த்தவுடன் சோதனைக்குழாயில் வெள்ளை வெளேரென்று இறங்குமே, அதே வீழ்படிவுதான். எந்த அமிலத்திலும் எளிதில் கரையாத அந்த வெண்மையைப் பழைய வெள்ளிப் படத்தாள்களிலும் பூசினார்கள். ஜெர்மனியின் ஹானமியூலே நிறுவனம் செய்யும் பருத்திப் பாரிட்டா தாள் 315 ஜி.எஸ்.எம். எடையுள்ளது. விலை அதிகம், கண்காட்சிப் படங்களுக்கு ஏற்றது. நிறமி மையோடு சேர்த்தே இதைப் பயன்படுத்த வேண்டும்.

பளபளப்பு எதற்கு?

மங்கலான மேட் தாளில் அச்சிட்டால் போதாதா, பளபளப்பு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். கறுப்பின் ஆழத்திற்காகவே வேண்டும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளியின் பங்கைக் கொண்டு ஒளியடர்த்தியைக் கணக்கிடுகிறார்கள். மடக்கை அளவு அது. நல்ல மேட் தாளில் மிக ஆழ்ந்த கறுப்பின் ஒளியடர்த்தி ஏறத்தாழ 1.6. அதாவது விழும் ஒளியில் இரண்டரை சதவீதம் திரும்பி வருகிறது. நல்ல பளபளப்புத் தாளில் அது 2.3 அளவுக்குச் செல்லும். திரும்புவது அரை சதவீதமே. ஐந்து மடங்கு வேறுபாடு! கண்மணியில் ஆழமும் கூந்தலில் இழையும் தெரிவது இதனால்தான்.

பளபளப்புக்கு இரண்டு குறைகளும் உண்டு. நிறமித் துகள்கள் தாளின்மேல் தங்குவதால், சாய்த்துப் பார்த்தால் கறுப்புப் பகுதி வெண்கலம்போல் மினுமினுக்கும். மை விழாத வெள்ளைப் பகுதி ஒரு விதமாகவும், மை விழுந்த பகுதி வேறு விதமாகவும் ஒளிரும். இதைப் போக்கச் சில பொறிகளில் நிறமற்ற மெருகு மை ஒன்றை மேலே தெளிக்கிறார்கள். அது இல்லாதபோது, மிகுந்த பளபளப்பை விடுத்து லஸ்டர் அல்லது சாட்டின் எனப்படும் மெல்லிய மெருகுத் தாளைத் தேர்ந்தெடுப்பது நலம். கண்ணாடிக்குள் போய்விட்டால் இந்தக் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மேலும் ஒன்று. சில தாள்கள் அளவுக்கு மீறி வெண்மையாக இருக்கும். சோப்புத் தூளில் சேர்ப்பதுபோன்ற ஒளிர் வெண்மையூட்டி அவற்றில் உண்டு. புற ஊதாக் கதிரை உட்கொண்டு நீல ஒளியாகத் தருவது அதன் வேலை. நாளடைவில் அது செயலிழந்து, தாள் தன் இயல்பான மஞ்சள் சாயலைக் காட்டும். கள்ள நோட்டைக் கண்டறியும் ஊதா விளக்கைக் காட்டினால் அத்தகைய தாள் பளீரென்று நீலமாக ஒளிரும். நெடுநாள் வைக்க வேண்டிய படத்திற்கு அது ஏற்றதன்று.

நான் செய்து பார்த்த சோதனை

சென்ற கோடை விடுமுறையில் சாம்பல் படிநிலைக் கட்டம் ஒன்றை மூன்று துண்டுகளில் அச்சிட்டு வாங்கினேன். ஒன்று, எங்கள் பக்கத்துக் கடையில் சாய மையில் காஸ்ட் கோட்டட் தாளில் அச்சிட்டது. இரண்டாவது, அதே கடையில் ஆர்.சி. தாளில் அச்சிட்டது. மூன்றாவது, மாவட்டத் தலைநகரில் உள்ள ஸ்டூடியோ ஒன்றில், மூன்று கறுப்பு உள்ள நிறமிப் பொறியில் லஸ்டர் தாளில் அச்சிட்டது. ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மழை படாத கூரை விளிம்பின்கீழ் கட்டிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறைப்பை எடுத்தபோது முதல் துண்டின் திறந்த பாதி செம்பழுப்பாக இருந்தது. இரண்டாவதும் மாறியிருந்தது, சற்றுக் குறைவாக. மூன்றாவதில் எல்லைக்கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஆய்வு என்று சொல்லும் அளவுக்கு இது பெரிதன்று. ஆனால் என் தந்தையாருக்குக் காட்ட இதுவே போதுமானதாக இருந்தது. மூன்று துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப, மூணு ஸ்டெய்னரக் கலந்து கறுப்புன்னு குடுத்துட்டான். கறுப்பு ஆக்சைடு போட்டிருந்தா நின்னிருக்கும்" என்றார். நான் இத்தனை பக்கங்களில் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

கடைக்குப் போகுமுன்

நம்மில் பலர் வீட்டிலும் இப்படி ஒரே ஒரு பழைய படம் இருக்கும். அதை அச்சிடக் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, பொறியில் எத்தனை கறுப்பு, சாம்பல் இருக்கிறதா, மை சாயமா நிறமியா என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், அதே பொறியில் சாதாரணத் தாளில் வண்ணக் கட்டம் ஒன்றை அச்சிட்டு, காய்ந்தபின் ஒரு சொட்டு நீர் விடுங்கள். நிறம் பரவினால் சாயம், பரவாவிட்டால் நிறமி.

இரண்டாவது, தாளின் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். நாராகக் கிழிந்தால் வெறும் காகிதம். மெல்லிய பிளாஸ்டிக் படலம் இழுபட்டால் ஆர்.சி. தாள்.

மூன்றாவது, கணினியில் தாளின் வகையைச் சரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். தாள் ஒன்று, குறித்தது வேறொன்று என்றால் மை கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். பொறியில் கறுப்பு வெள்ளைக்கென்று தனி முறை இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, முழுப்படத்தை அச்சிடுமுன் சிறு துண்டு ஒன்றை அச்சிட்டு, டியூப் லைட்டிலும் வெயிலிலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மூன்று வண்ணக் கலவை ஓரிடத்தில் சாம்பலாகவும் மற்றோரிடத்தில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். கரிமை எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி தெரியும்.

ஐந்தாவது, ஒரு நாள் முழுவதும் காயவிட்டுப் பிறகு கண்ணாடி போடுங்கள். படம் கண்ணாடியைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும். வெயில் நேரே விழும் சுவரையும் அடுப்புப் புகை வரும் சுவரையும் தவிருங்கள்.

கடைசியாக, மூலப்படத்தை ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடங்களில் சேமியுங்கள். மூலப்படத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

முடிவுரை

சென்ற மாதம் அப்பத்தாவின் படத்தைப் புதிதாக அச்சிட்டோம். நிறமி மை, மூன்று கறுப்பு, லஸ்டர் ஆர்.சி. தாள், அட்டை விளிம்பு, கண்ணாடி. செலவு என் தந்தையாரின் ஒரு நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. முன்பு செலவழித்ததைவிட அது அதிகம்தான். ஆனால் இரண்டாம் முறை செலவழிக்கும்படி ஆகாது. சட்டத்தை அவரே அடித்தார். வாசல் சுவரை விட்டு உள்சுவரில் ஆணி அறைந்து மாட்டினார். பழைய படத்தையும் எறியவில்லை. நான் கேட்டு வாங்கி என் வேதியியல் குறிப்பேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பெரிய ஆய்வகங்களில் மட்டுமே விஞ்ஞானம் இருக்கிறது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. படிக்காத பெற்றோர் கேட்கும் ஒரு கேள்விக்கு ஒழுங்காக விடை தேடினாலே வெள்ளி உப்பு, ஓசோன், தாலோசயனின், பேரியம் சல்பேட், கார்பன் என்று நம் பாடப்புத்தகத்தில் பாதி வந்துவிடுகிறது. இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர் ஒருவர் வீட்டிலாவது ஒரு முகம் சிவக்காமல் நின்றால் நான் எழுதியது பயனுடையதே.